கத்திரியால் எழுதிய காவியம்
லோட்டே ரைனிகர் அம்மையாரின் வாழ்வும் கலையும்

சொல்லால் உலகை ஆக்குவோர் கவிஞர். கல்லால் ஆக்குவோர் சிற்பியர். வண்ணத்தால் ஆக்குவோர் ஓவியர். கருந்தாளும் கத்திரியும் விளக்கொளியும் மட்டுமே கருவியாகக் கொண்டு ஓர் உலகை ஆக்கி, அதனை நடக்கவும் பறக்கவும் காதலிக்கவும் கண்ணீர் சிந்தவும் வைத்த பெண்மணி ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். செருமானிய நாட்டில் பிறந்த லோட்டே ரைனிகர் அவர். இன்று நம் இல்லங்களில் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்க்கும் கார்ட்டூன் படங்களின் வரலாற்றை எழுதுவோர் பலர் அமெரிக்காவில் தொடங்கி அமெரிக்காவிலேயே முடித்துவிடுவர். அவ்வரலாற்றின் நடுவே ஒரு நாற்காலி நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குரியவரை அழைத்து அமர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அசைவூட்டக் கலையின் தோற்றம்

ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றும் நிலைப்படங்களைக் கண் ஒரே இயக்கமாகக் கொள்கிறது. இவ்வுண்மையே அசைவூட்டக் கலைக்கு அடிப்படை. பிரெஞ்சு நாட்டு எமில் ரேனோ, 1892 அக்டோபர் 28ஆம் நாள் பாரிசு நகரின் கிரேவின் அருங்காட்சியகத்தில், தம் கையால் வரைந்த படச் சுருள்களைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினார். லூமியேர் உடன்பிறப்புகள் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டியதற்கு மூன்றாண்டு முற்பட்ட நிகழ்ச்சி இது. 1908இல் எமில் கோல், கோட்டுருவங்கள் உருமாறி விளையாடும் சிறு படம் ஒன்றை வெளியிட்டார். 1914இல் அமெரிக்கரான வின்சர் மக்கே, கெர்ட்டி என்னும் டைனோசரை உயிருள்ள விலங்குபோல உலவவிட்டார். இவை யாவும் சில நிமிடங்களில் முடியும் குறும்படங்களே. முழுநீளக் கதையொன்றை அசைவூட்டத்தால் சொல்ல முடியுமா என்னும் வினா அப்போது பெரும்பாலோர் மனத்தில் எழவேயில்லை.

பிறப்பும் இளமையும்

லோட்டே, 1899 ஜூன் 2ஆம் நாள் பெர்லினின் சார்லோட்டன்பர்க் பகுதியில் பிறந்தார். தந்தையார் வங்கிப் பணியில் இருந்தவர். தாளைக் கத்தரித்து நிழலுருவம் செய்வது அக்காலத்துச் செருமானியக் குடும்பப் பெண்கள் பொழுதுபோக்காகப் பயின்ற கைவேலை. நம் வீட்டு முற்றத்துக் கோலத்தைப் போல, அதனை எவரும் கலையென்று தனித்து எண்ணியதில்லை. லோட்டேயின் கைக்கு அவ்வேலை இயல்பாகவே வாய்த்தது. கோடு வரைந்துகொள்ளாமல் கத்திரியை நேரே தாளில் செலுத்தி, ஆளையும் மரத்தையும் குதிரையையும் வெட்டியெடுக்கும் ஆற்றல் இளமையிலேயே அமைந்திருந்தது. வீட்டில் சிறு நிழலரங்கு ஒன்று அமைத்து, சேக்சுபியரின் நாடகங்களைக் குடும்பத்தார்க்கும் நண்பர்க்கும் நடத்திக் காட்டினார்.

நாடகத்தின்மேல் இருந்த காதல் பின்பு திரைப்படத்தின்மேல் பாய்ந்தது. 1915இல், புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமான பால் வெக்னரின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டார். நாடக மேடைக்கு எட்டாத கற்பனைகளையெல்லாம் திரைப்படம் எட்டும் என்பதே அவ்வுரையின் சாரம். பதினாறு வயதுப் பெண்ணின் எதிர்காலத்தை அன்றைய மாலைப்பொழுது முடிவு செய்துவிட்டது. பெற்றோரிடம் மன்றாடி, வெக்னர் தொடர்பு கொண்டிருந்த மாக்சு ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே நடிகர்களின் உருவங்களை, அவர்கள் மேடையில் நிற்கும் நிலையிலேயே, நிழல்வெட்டாகக் கத்தரித்தளித்தார். அவை வெக்னரின் கண்ணிற் பட்டன.

வெக்னர் தம் படங்களின் எழுத்தட்டைகளுக்கு நிழலுருவ அணிகள் செய்யும் பணியை லோட்டேக்குத் தந்தார். 1918இல் வெளிவந்த ஹாம்லின் நகரக் குழலூதியின் கதையில், எலிகள் கூட்டமாகக் குழலோசையைப் பின்தொடர வேண்டும். உயிருள்ள விலங்குகள் இயக்குநரின் சொற்கேட்டு நடக்கவில்லை. ஆகவே மரத்தால் எலிகள் செய்து, இம்மியளவு நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியே படம்பிடித்தனர். அப்பணியில் லோட்டேயும் பங்கு கொண்டார். உயிரற்ற பொருள் திரையில் உயிர்பெறும் விந்தையை அவர் தம் கையாலேயே செய்தறிந்தது இங்கேதான்.

வெக்னரின் பரிந்துரையால் பெர்லினில் ஹான்சு கூர்லிசு நடத்திய பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தின் தொடர்பு கிட்டியது. 1919இல் அந்நிறுவனத்தின் வாயிலாக லோட்டேயின் முதற்படம், காதல் நெஞ்சத்தின் அணிகலன் என்னும் பொருள்படும் பெயரோடு வெளிவந்தது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்தம் மனநிலைக்கேற்ப வடிவம் மாறும் ஓர் அணிகலன், அவ்வளவே கதை. அந்நிறுவனத்திலேயே கார்ல் கோக் என்னும் கலையறிஞரைச் சந்தித்தார். 1921இல் இருவரும் மணம் புரிந்தனர். அன்றுமுதல் கோக் மறையும்வரை, அம்மையார் நிழலை நகர்த்த, கணவர் கேமராவை இயக்க, இருவர் வாழ்வும் ஒரே மேசையின் மேலும் கீழுமாக நடந்தது.

நிழல் நடக்கும் முறை

அம்மையாரின் தொழில்நுட்பத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். கருநிறத் தாளிலிருந்தும் மெல்லிய ஈயத் தகட்டிலிருந்தும் உருவத்தின் உறுப்புகளைத் தனித்தனியே வெட்டுவார். தலை, கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடை, முழங்கால் என்று பிரித்து, மெல்லிய கம்பியால் மூட்டுகளில் பிணைப்பார். முதன்மைப் பாத்திரங்களுக்கு உறுப்புகளின் எண்ணிக்கை பெருகும். உருவம் படிந்து கிடக்க ஈயம் உதவும். மேசையின் நடுவே கண்ணாடி; அதன்கீழ் விளக்கு; மேலே கீழ்நோக்கிய கேமரா. கண்ணாடிமேல் உருவத்தைக் கிடத்தி ஒரு படம். மயிரிழை நகர்த்தி மற்றொரு படம். ஒரு நொடி இயக்கத்துக்கு இவ்வாறு பல படங்கள் வேண்டும். ஒரு மணி நேரக் கதைக்குப் பல பத்தாயிரம் முறை அந்த விரல்கள் அசைந்தாக வேண்டும்.

வரைபட முறைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வரைபவர் ஒரு தாள் பிழைத்தால் அதனை நீக்கி வேறு தாள் வரையலாம். இங்கோ உருவம் ஒன்றே. முன்னைய நிலை அழிந்தால்தான் அடுத்த நிலை பிறக்கும். நூறாவது நகர்வில் பிழை நேர்ந்தால் முன்னைய நிலைக்கு உருவத்தைத் துல்லியமாக மீட்பது அரிது. காட்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஆதலால் இது வரைதலைக் காட்டிலும் நடித்தலுக்கே நெருக்கமானது. பாவையின் உடலுக்குள் புகுந்து, அடுத்த கணம் அதன் தோள் எங்கே சாயும் என்று அறிந்தவர்க்கே இது கைகூடும். அம்மையார் விலங்குக் காட்சிசாலைகளுக்குச் சென்று விலங்குகளின் நடையைக் கூர்ந்து கண்டார் என்பதும் இதனாலேயே.

நிழலுக்கு முகம் இல்லை. விழியில் நீர் ததும்புவதையோ இதழ் துடிப்பதையோ காட்ட இயலாது. பக்கத் தோற்றத்தின் விளிம்புக்கோடு ஒன்றே உண்டு. ஆயினும் அவர் படத்தில் ஒரு பெண் தலைகுனிந்தால் நாணமா துயரமா என்பது ஐயமின்றி விளங்கும். உள்ளத்து உணர்வு உடல்வழியே புலப்படுதலை மெய்ப்பாடு என்று எண்வகைப்படுத்திய தொல்காப்பியம் பயின்ற நமக்கு இவ்வியல்பு புதிதன்று. முகத்தை விலக்கிவிட்டு மெய்ப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டால் கலை என்னவாகும் என்பதற்கு அம்மையாரின் படங்கள் தக்க சான்று.

இளவரசர் அகமது

1923ஆம் ஆண்டு. செருமானியப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்தது. லூயி ஹாகன் என்னும் வங்கியாளர், பணத்தைப் பணமாக வைத்திருக்க அஞ்சிப் பெருமளவு படச்சுருளை வாங்கி வைத்திருந்தார். அம்மையாரின் குறும்படங்களைக் கண்டிருந்த அவர், அச்சுருளைக் கொண்டு முழுநீளப் படம் ஒன்று செய்யலாமா என்று கேட்டார். நாட்டின் பொருளியல் வீழ்ச்சி ஒரு கலையின் எழுச்சிக்கு வித்தானது. போட்சுடாமில் ஹாகன் இல்லத்தின் மகிழுந்துக் கொட்டகைக்கு மேலே சிறு படப்பிடிப்புக் கூடம் அமைந்தது. அங்கே மூன்றாண்டு உழைப்பில் உருவானதே இளவரசர் அகமதின் சாகசங்கள் என்னும் படம்.

கதை ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து தொகுத்துக்கொண்டது. மாயக்காரன் ஒருவன் படைத்த பறக்கும் குதிரையில் ஏறிய இளவரசன் வானிற் காணாமற் போகிறான். வாக்குவாக்குத் தீவில் பறவைச் சிறகாடை பூண்ட பரிபானுவைக் கண்டு காதல் கொள்கிறான். சீன நாடு, எரிமலைச் சூனியக்காரி, அலாவுதீனின் விளக்கு என்று நிகழ்ச்சிகள் பின்னிச் செல்கின்றன. மாயக்காரனும் சூனியக்காரியும் பல்வேறு உயிர்களாக உருமாறி உருமாறிப் போரிடும் காட்சி, அசைவூட்டக் கலை மட்டுமே காட்டவல்லது. உடன் உழைத்தோரும் சிறந்த கலைஞரே. வால்டர் ருட்மான் மாய நிகழ்ச்சிகளின் பின்னணியை அமைத்தார். பெர்ட்டோல்டு பார்ட்டோசு கடலலையையும் விண்மீன் வானத்தையும் ஆக்கினார். வொல்ப்காங் செல்லர் இசையமைத்தார். ருட்மானும் பார்ட்டோசும் பின்னாளில் தத்தம் படங்களால் தனிப்புகழ் பெற்றனர்.

இப்படத்துக்காகக் கண்ணாடித் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, முன்னணியும் பின்னணியும் தனித்தனியே நகரும்படி அமைத்தனர். திரையில் ஆழம் தோன்ற இவ்வமைப்பு உதவிற்று. இதே நோக்கம் கொண்ட பலதளக் கேமராவை டிஸ்னி நிறுவனம் பயன்கொண்டு பெரும்புகழ் எய்தியது 1937இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கொட்டகை மேல்மாடி ஒன்றில், ஒரு சிறு குழு அவ்வழியில் நடந்திருந்தது.

படம் முடிந்தது, திரையிட முன்வருவார் இல்லை. முழுநீளக் கார்ட்டூன் படத்தை யார் அமர்ந்து பார்ப்பர் என்று அரங்கினர் தயங்கினர். அம்மையாரும் நண்பர்களும் தாமே அழைப்பு அனுப்பி, 1926 மே 2ஆம் நாள் ஞாயிறன்று பெர்லினின் வோல்க்சுபூனே அரங்கில் திரையிட்டனர். தொடங்கும் வேளையில் படவீச்சுக் கருவியின் வில்லை உடைந்திருப்பது தெரியவர, கோக் ஓடி அலைந்து வேறொன்று கொணர்ந்தார். அவையோர் மனமுவந்து வரவேற்றனர். அவ்வாண்டு ஜூலையில் பாரிசிலும் படம் வெற்றி கண்டது. அங்கே வாய்த்த இயக்குநர் ழான் ரெனுவாரின் நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

வரலாற்றில் ஒரு தெளிவு வேண்டும். இதுவே உலகின் முதல் முழுநீள அசைவூட்டப் படம் என்று எழுதுவோர் உளர். அது பிழை. அர்சென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917லேயே அத்தகைய படம் ஒன்றை வெளியிட்டார். அப்படம் அழிந்துபோயிற்று. எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழமையானது அகமதே. டிஸ்னியின் பனிவெண்மகள், இதற்குப் பதினோராண்டு பிற்பட்டது. அம்மையாரின் பெருமைக்கு இவ்வுண்மை போதும், மிகைக்கூற்று வேண்டுவதில்லை.

அவ்வாறே ஒரு குறையையும் மறைக்க வேண்டுவதில்லை. இப்படத்தின் கீழைநாடு ஐரோப்பியர் கனவிற் கண்ட கீழைநாடு. தீயவன் ஆப்பிரிக்கனாக வருவதும் அவனுருவம் அருவருப்பாக அமைவதும் அக்கால ஐரோப்பிய மனத்தின் வார்ப்பே. கோட்டின் அழகில் மயங்கும்போதும் அக்கோடு யாரை எவ்வாறு வரைகிறது என்று கேட்பது கற்றோர் கடன்.

நாடற்ற ஆண்டுகள்

1928இல் டாக்டர் டூலிட்டில் கதையைப் படமாக்கினார். பின்பு பேசும்படம் வந்தது. 1933இல் கார்மென், 1935இல் மொசார்ட்டின் இசைநாடகத்தைத் தழுவிய பாப்பகேனோ ஆகியன இசையும் அசைவும் ஒன்றாய் இயைந்த சிறு மணிகள். ஆனால் 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். அம்மையாரும் கணவரும் யூதர் அல்லர்; ஆயினும் நண்பர் பலர் யூதர். அவர்களுக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டு அந்நாட்டில் இருக்க இருவர்க்கும் மனம் ஒப்பவில்லை. 1930களின் நடுவே நாட்டைவிட்டுப் புறப்பட்டனர். எந்நாடும் நிலையான குடியுரிமை தரவில்லை. நுழைவு அனுமதி முடியுந்தோறும் இலண்டன், பாரிசு, உரோம் என்று ஊர்மாறி ஊர்மாறி வாழ்ந்தனர். பெரிய மேசையும் கேமராவும் எடுத்துச் செல்ல இயலாதவை. கத்திரியும் தாளும் கைப்பையில் அடங்குவன. பிரித்தானிய அஞ்சல்துறையின் திரைப்படப் பிரிவுக்குப் படங்கள் செய்தார். 1938இல் வெளிவந்த ரெனுவாரின் மார்செயேசு படத்தில் நிழலாட்டக் காட்சியை அமைத்தளித்தார். போர்க்காலத்தில் கோக்குடன் இத்தாலியில் தங்கினார்.

போரின் பிற்பகுதியில், நோயுற்றிருந்த தாயாரைப் பேணும்பொருட்டுப் பெர்லின் திரும்ப நேர்ந்தது. எந்த ஆட்சியை வெறுத்து வெளியேறினாரோ, அதே ஆட்சியின்கீழ்ப் பொன்வாத்து என்னும் கதையைப் படமாக்கும் பணியை ஏற்க வேண்டியதாயிற்று. அப்படம் அப்போது முற்றுப்பெறவில்லை. அது அரசியல் பரப்புரை அன்று, குழந்தைக் கதையே. எனினும் கொடுங்கோன்மையின் நிழலில் எழுதப்படும் தேவதைக் கதை குற்றமற்றதாக இருக்கக் கூடுமா என்னும் வினா எழத்தான் செய்யும். தாயைக் கைவிட மாட்டாத மகளுக்கு வேறு வழி என்ன இருந்தது என்னும் எதிர்வினாவும் உடன் எழும். நான் இரண்டையும் இங்கே வைக்கிறேன். ஒன்றால் மற்றொன்றை மூடவில்லை.

1945இல் பெர்லின் போரில் அகமது படத்தின் மூலச்சுருள் அழிந்தது. மூன்றாண்டு உழைப்பின் கைப்பட எழுதிய ஏடு எரிந்துபோனது போன்ற இழப்பு அது.

இலண்டன் வாழ்வு

1949இல் இணையர் இருவரும் இலண்டனிற் குடியேறினர். போட்சுடாமில் தம் வீட்டுக் கொட்டகை மேல்மாடியில் நிழல்கள் நடமாடக் கண்ட ஒரு சிறுவன், ஹாகனின் மகன், நாசிகளின் சிறையிலிருந்து விடுபட்டு அந்நகரிலேயே வாழ்ந்துவந்தான். தந்தை செய்ததை மகனும் செய்தான். 1953இல் பிரிம்ரோசு நிறுவனம் தோன்ற, அதன்வழித் தொலைக்காட்சிக்காகப் பத்துக்கும் மேற்பட்ட தேவதைக் கதைப் படங்களை அம்மையார் ஆக்கினார். வீரத் தையற்காரன் கதை 1955இல் வெனிசு விழாவில் வெள்ளி டால்பின் விருது பெற்றது. அதே ஆண்டு, ஜாக்கும் அவரைக்கொடியும் கதையில் கருநிழலுக்குப் பின்னே வண்ணமும் புகுந்தது.

1963இல் கோக் மறைந்தார். நாற்பதாண்டுக் காலம் கேமராவின் பின்னே நின்ற கை இல்லாமற் போகவே, அம்மையார் பல ஆண்டுகள் படமெடுக்கவில்லை. ஆனால் பேனா ஓய்ந்திருக்கவில்லை. நிழலரங்குகளையும் நிழற்படங்களையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. சீனம், ஜாவா, துருக்கி ஆகிய நாடுகளின் நிழற்கூத்து மரபின் வழித்தோன்றலாகவே தம் கலையை அவர் கண்டார். கம்பன் பாடல்களைப் பாடித் தோற்பாவை ஆடும் மரபு இன்றும் கேரளக் கோயில்களில் வழங்குவதை அறிந்த நமக்கு, இவ்வுறவின் அருமை எளிதில் விளங்கும்.

முதுமையும் நிறைவும்

பிறந்த நாடு அவரை மெல்ல நினைவுகூர்ந்தது. 1972இல் செருமானியத் திரைப்பட விருதும், 1979இல் அந்நாட்டரசின் பெருஞ்சிலுவைச் சிறப்பும் வந்து சேர்ந்தன. கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 1975இல் ஒக்காசன், நிக்கலெத் காதற்கதையைப் படமாக்கினார். எண்பதாம் அகவையிலும் கத்திரி கைவிட்டு இறங்கவில்லை. 1980இல் தூபிங்கன் அருகே டெட்டன்ஹவுசன் என்னும் சிற்றூரில் ஓர் அன்பான குடும்பத்தாருடன் தங்கினார். 1981 ஜூன் 19ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார். அவர் வெட்டிய பாவைகள் தூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் இன்று நிலைத்த காட்சியாக விளங்குகின்றன.

அகமதுக்கும் மறுபிறவி வாய்த்தது. இலண்டன் ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருந்த வண்ணச் சாயமேற்றிய படி ஒன்றிலிருந்து, 1999இல் அப்படம் செப்பனிட்டு மீட்கப்பெற்றது. ஏட்டுச்சுவடி தேடி அலைந்து பழந்தமிழ் நூல்களை மீட்ட வரலாற்றை உடைய நாம், ஒரே ஒரு படி பிழைத்திருப்பதன் பொருள் என்ன என்பதை அறிவோம்.

நாம் கொள்ளத்தக்கது

நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் செய்த ஒருவர் இத்துணைக் காலம் மறைந்து கிடந்தது ஏன்? மூலச்சுருள் அழிந்தது ஒரு காரணம். பெருநிறுவனங்களின் பேரொலியில் இருவர் உழைப்பின் மெல்லோசை அமிழ்ந்தது மற்றொன்று. அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. கத்திரியும் தாளும் பெண்களின் கைவேலை என்று கருதப்பட்டன. வீட்டுக்குள் பெண் செய்வது பொழுதுபோக்கு. அதனையே ஆண் வெளியே செய்தால் கலை. தாலாட்டையும் ஒப்பாரியையும் நெடுங்காலம் இலக்கியத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்திய மனமும் இதுவேயன்றோ? அம்மையார் அவ்வாயிலைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. வீட்டுக் கருவியைக் கைவிடாமலே, அதனைக் கொண்டு காவியம் செய்தார்.

கவிஞர்க்கு அவர் வாழ்வு சொல்வது மற்றொன்று. அவர் கையாண்ட கலையில் சேர்த்தல் இல்லை. நீக்கல் மட்டுமே உண்டு. வேண்டாத தாளை வெட்டி எறிந்தபின் எஞ்சுவதே உருவம். ஒளியை எங்கே மறைப்பது என்று அறிந்தமையால்தான் அவர் ஒளியை ஆண்டார். எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிந்த புலவன் கையிலேயே உள்ளுறையும் இறைச்சியும் பிறக்கின்றன. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் பலர் பலநூறு பாக்களைப் படைத்திருக்கிறோம். அவற்றில் எத்தனை வரிகளை வெட்டியெறியும் துணிவு நமக்கு உண்டு என்று எண்ணிப் பார்க்க இது நல்ல தருணம். நிழல்களுக்கு நடை கற்பித்த அந்த விரல்களுக்கு நாம் செலுத்தக்கூடிய சிறந்த வணக்கமும் அதுவே.